கைக்குட்டைக்கு ஓரம்

சென்ற ஆடி மாதம் பிறப்பதற்குச் சில நாள் முன்னால், சென்னையிலிருந்து என் பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"தாத்தா, ஒயிலாட்டத்துக்கு உடை வாடகைக்கு எடுத்திருக்கோம். தலைப்பாகை, கச்சை, சலங்கை எல்லாம் இருக்கு. ஆனால் கைக்குட்டை மட்டும் வீசவே மாட்டேங்குது. கையிலேயே சுருட்டிக்குது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றும் போயிற்று. கைக்குட்டை ஏன் வீசவில்லை என்று சொல்லக்கூடியவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இருந்தாள். அவள் என் அம்மா. அவள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பனைமரமும் கருவேலமும், மழை பெய்தால் நிரம்புகிற ஒரு கண்மாயும், பெய்யாவிட்டால் பிள்ளைகள் பந்தாடுகிற அதே கண்மாயும்தான் ஊரின் செல்வம். இப்படிப்பட்ட வறண்ட சீமையில் மழைக்காக நடக்கிற திருவிழாதான் முளைக்கொட்டு. பெண்கள் ஓடுகளிலும் சட்டிகளிலும் எருவும் வைக்கோலும் இட்டு நவதானியத்தை விதைத்து, வெயில் படாத இருட்டறையில் வளர்ப்பார்கள். வெளிச்சம் காணாத பயிர் வெளுத்த மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று எழும்பி நிற்கும். முளை நன்றாக வந்தால் அந்த வருஷம் வெள்ளாமை நன்றாக வரும் என்பது நம்பிக்கை. இரவுதோறும் அதைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். ஆண்கள் ஒயிலாட்டம் ஆடுவார்கள். கடைசி நாள் முளைப்பாரியைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீரில் கரைத்துவிடுவார்கள்.

ஒயில் என்றால் அழகு. பேருக்கு ஏற்ற ஆட்டந்தான். வரிசையாக நின்று, காலில் சலங்கை கட்டி, இரண்டு கையிலும் வண்ணக் கைக்குட்டை பிடித்து, வாத்தியார் பாடப் பாட அடி எடுத்து வைப்பார்கள். முதலில் மெல்ல நடக்கும்; போகப் போக வேகம் பிடிக்கும். காலடியைக் கேட்பது காது, கையசைவைப் பார்ப்பது கண். அந்தக் கண்ணுக்கு விருந்து வைப்பது கைக்குட்டை. பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் கையை உயர்த்தி உதறும்போது இருபத்து நான்கு துணிகளும் 'படீர்' என்று ஒரே சத்தத்தில் விரிய வேண்டும். ஒன்று பிந்தினாலும் வரிசை கெட்டுவிடும்.

என் அப்பா அந்த வரிசையில் முதல் ஆள். 1959-ம் வருஷம், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, விஷக் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை.

அதுவரை அப்பாவின் உடுப்பை மட்டும் தைத்துக்கொண்டிருந்த அம்மா, அதற்குப் பிறகு ஆட்டக்காரர் பன்னிரண்டு பேருக்கும் தைக்க ஆரம்பித்தாள். பசிதான் முதல் காரணம். ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார், இஸ்லாமியர், அப்பாவின் சிநேகிதர். எங்களுக்கு அவர் 'மாமா'. வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகளை மூட்டையாகக் கட்டி அனுப்புவார். அம்மாவுக்கு அளவெடுக்கவும் வெட்டவும் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. "இந்தாம்மா, துணியை வெட்டுறதுக்கு முந்தி பத்து தடவை யோசி, வெட்டினப்புறம் யோசிக்காதே" என்பார். வாழ்க்கைக்கும் பொருந்துகிற வார்த்தைதான். ஆனால் அவர் துணியைப் பற்றித்தான் சொன்னார்.

சாமிக்கு ஆடுகிறவனுக்கு இஸ்லாமியர் உடுப்புத் தைப்பதா என்று வெளியூர் வாசகர்கள் வியக்கலாம். எங்கள் பக்கத்தில் அது வியப்பில்லை. திருமலை நாயக்கர் கட்டிய மதுரைப் புதுமண்டபத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் பக்தர்கள் அணியும் சல்லடமும் உருமாலும் கச்சையும் தைத்துக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் இஸ்லாமியர்கள். அந்தக் கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறின. இடம் மாறினாலும் கை மாறவில்லை.

இனிக் கைக்குட்டைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் துணி வாங்கக் காசில்லை. அம்மா பெட்டியைத் திறந்தாள். அதில் அவளுடைய வண்ணச் சேலைகள் இருந்தன. பரமக்குடித் தறியில் நெய்தவை. அப்பா வாங்கிக் கொடுத்தவை. இனி அவள் உடுத்தக் கூடாதவை. சிவப்புச் சேலை ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கத்தரியை எடுத்தாள். பதினெட்டு அங்குலச் சதுரமாக அத்தனையும் கைக்குட்டையாயிற்று.

பருத்தித் துணி லேசானது. ஆடி மாதத்தில் எங்கள் கரையில் கச்சான் காற்று பேயாக அடிக்கும். லேசான துணி காற்றுக்குச் சுருண்டு மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். கனத்த துணியோ எழும்பாமல் தொங்கும். நடுத்துணி லேசாகவும் ஓரம் மட்டும் கனமாகவும் இருந்தால், உதறும்போது ஓரம் முன்னே ஓடித் துணியை இழுத்து விரிக்கும். வலைக்கு ஓரத்தில் ஈயக் குண்டு கட்டி வீசுகிறார்களே, அதே கணக்கு. இதை அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணியை உதறி உதறி அவளே கண்டுபிடித்தாள். ஓரத்தை இரண்டு முறை மடித்து, மடிப்புக்குள் முறுக்கிய நூல் ஒன்றைக் கொடுத்து, நெருக்கமான கைத்தையல் போடுவாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கைக்குட்டைக்கு நாலு பக்கம், ஒவ்வொன்றும் பதினெட்டு அங்குலம். ஆக இரண்டு கெஜம். இருபத்து நான்குக்கு நாற்பத்தெட்டு கெஜம். அத்தனையும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கையால் ஓரம் அடித்தாள். 1962-ல் மாமா பழைய கால்மெஷின் ஒன்றைத் தவணைக்குக் கொடுத்தார். கச்சையும் தலைப்பாகைக் குஞ்சமும் மெஷினுக்குப் போயின, கைக்குட்டை போகவில்லை. மெஷின் தையலில் ஓரம் விறைத்துவிடும், துணி பேசாது என்பாள்.

இத்தனை செய்தவள் ஒரு தடவைகூட ஆட்டத்தைப் பார்த்ததில்லை. தாலி இழந்தவள் முளைப்பாரிக்கு முன்னால் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். உடுப்புகளை மடித்து என் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் கையால் தைத்த துணி அம்மன் முன்னால் ஆடலாம், அவள் உடுத்த சேலை ஆடலாம், அவள் மட்டும் வரக்கூடாது. இதிலுள்ள அநியாயம் அன்று எனக்கு உறைக்கவில்லை. ஊரில் யாருக்குமே உறைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நான் அவள் மகன்.

ஆட்டம் முடிந்து நள்ளிரவில் திரும்பினால் விழித்திருப்பாள். அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "கைக்குட்டை நல்லா வீசிச்சாப்பா?"

1966-ல் பதினாறு வயதில் நானே வரிசையில் நின்றேன். அன்று திரும்பி வந்தபோதும் கேட்டாள். பாராட்டிய கூட்டத்தின் கைத்தட்டல் என் தலைக்கு ஏறியிருந்தது. "கைக்குட்டையை யாரும்மா பார்க்கிறது? ஆட்டத்தைத்தான் பார்ப்பாங்க" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள். மறு வருஷத்திலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. 1981-ல் அவள் இறந்தாள். நாவல்களில் எத்தனையோ பாத்திரங்களுக்கு உருக்கமான வார்த்தைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதிலைக் கொடுக்கவில்லை.

அம்மாவின் தையல் அக்காவின் கைக்கு வந்திருந்தது. அக்காவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. பேத்தியின் புகாரைச் சொன்னேன். "கடையில வாங்கினதுக்கு ஓரமே இருக்காது தம்பி, நெருப்புல சுட்டு விட்டிருப்பான்" என்றாள் பார்க்காமலே. உண்மைதான். செயற்கை இழைத் துணியின் ஓரத்தைச் சூட்டில் உருக்கிவிட்டால் பிசிறு நிற்கும், கனம் வராது.

அந்த வருஷம் குடும்பத்தோடு ஊரில் ஆடுவது என்று பேரப்பிள்ளைகள் தீர்மானித்துவிட்டார்கள். என் மகன், மருமகள், பேத்திகள், அக்காவின் பேரன்கள், எல்லாரும் ஒரே வரிசை. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய ஒயிலைப் பெண்களும் ஆட ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒரு மாதம் வீடு தையற்கடையாயிற்று. அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அதட்டினாள்; மருமகள் வெட்டினாள்; ஊசியில் நூல் கோப்பது பேரன்களின் உத்தியோகம். கண் மங்கிய நான் குஞ்சம் கட்டினேன். அதையும் இரண்டு தடவை பிரித்துக் கட்டச் சொன்னாள்.

உலகத்தின் வேறு மூலைகளிலும் இப்படித்தான் போலும். செக் நாட்டில் மொராவியா என்ற பகுதி இருக்கிறது. அங்கே கிராமத்துக்குக் கிராமம் பூவேலைப்பாடும் நாடாவும் மாறுபடும் பாரம்பரிய உடுப்பைக் குடும்பங்கள் போற்றி வைத்து, திருவிழாவில் உடுத்தி ஆடுகிறார்கள். அந்தப் பக்கத்து இளைஞர்கள் ஆடும் 'வெர்புங்க்' என்ற நடனத்தை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. 'ராஜாக்களின் சவாரி' என்று இன்னொரு விழா; அதில் ராஜாவாக வருகிற சிறுவனுக்குப் பெண்ணின் உடுப்பைப் போட்டு, வாயில் ஒரு ரோஜாவைக் கொடுத்துக் குதிரைமேல் ஏற்றுவார்கள். அவனுக்கு உடுப்பு மாட்டிவிட்ட கைகள் அவன் சவாரி போவதைப் பார்க்கத் தெருவுக்கு வந்திருக்குமா என்று, படத்தைப் பார்த்தபோது என் மனம் கேட்டது.

காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் அக்காவும் கணவரை இழந்திருந்தாள்.

திருவிழா இரவு, உடுப்புகளை எல்லாருக்கும் மாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்றாள். அம்மாவின் குரலே கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்.

"அத்தைப்பாட்டி, நீங்க வராம தையல் பிரிஞ்சா யார் போடுவா?"

"ஊர்ல ஒரு பேச்சு வரும்டீ."

"வரட்டும் அக்கா," என்றேன் நான். "அம்மாவுக்கு நான் இதைச் சொல்லலை. உனக்காவது சொல்றேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஊசி, நூல்கண்டு, சின்னக் கத்தரி மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். "தையல் பிரிஞ்சா பார்க்கணும்ல" என்று யாருக்கோ பதில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

பொட்டலில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி முணுமுணுத்தாள். வேறொருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவ்வளவுதான். தவில் முழங்கியது. வரிசை நகர்ந்தது. கச்சான் காற்றில் எல்லாக் கைகளும் ஒன்றாக எழும்பின. 'படீர்' என்றது.

அன்றிரவு ஒரு தையலும் பிரியவில்லை. வீடு திரும்பும்போது அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவள்தான் பார்த்துவிட்டாளே. நானாகத்தான் சொன்னேன்:

"கைக்குட்டை நல்லா வீசிச்சு அக்கா."

"நடுவில நின்ற பயலோடது கொஞ்சம் இழுத்துச்சு," என்றாள் அவள். "நாளைக்குப் பிரிச்சு அடிக்கணும்."