குளிர்காலத்தில் கடலோரக் கூடாரம்: செலவில்லாத டெக்சாஸ் கரைகள்!

குளிர்காலம் தொடங்கியதும் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் வண்டிகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். வாசலில் குவியும் பனியை அள்ளிக்கொண்டிருக்காமல், வேனிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, டெக்சாஸ் கடலோரத்தில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இவர்களை ‘விண்டர் டெக்சன்’ என்கிறார்கள்.

மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள தனியார் முகாம் என்றால், வாடகையே ஓய்வூதியத்தைக் கரைத்துவிடும். அதனால்தான் பலர் இலவசக் கரைகளைத் தேடுகிறார்கள். 1959-ல் வந்த திறந்த கடற்கரைச் சட்டம், டெக்சாஸின் வளைகுடா மணற்பரப்பில் நடமாடும் உரிமையைப் பொதுமக்களுக்கு உறுதி செய்திருக்கிறது. ஆனால், நடமாடலாம் என்பதால் எங்கும் இரவு தங்கலாம் என்று அர்த்தமில்லை. அதை ஒவ்வோர் ஊர் நிர்வாகமும் தனித்தனியே முடிவு செய்கிறது. போகும் முன் விசாரிப்பது நல்லது.

எங்கே தங்கலாம்?

பாட்ரே தீவு: கார்பஸ் கிறிஸ்டி நகருக்கு அருகே உள்ளது. 1962-ல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால், ‘சவுத் பீச்’ மணலில் கூடாரம் போட தனிக் கட்டணம் இல்லை. அங்கேயே படிவம் நிரப்பி அனுமதிச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். முன்பதிவும் கிடையாது. கரை சுமார் 96 கிலோமீட்டர் நீள்கிறது. முதல் 8 கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகள் மட்டுமே போக முடியும்.

மேக்னோலியா பீச்: போர்ட் லவாகா ஊருக்கு அருகே, விரிகுடாவை ஒட்டிய அமைதியான இடம். தரையில் மணலைவிடச் சிப்பி ஓடுகளே அதிகம் என்பதால், கனமான வண்டிகளும் எளிதில் புதைவதில்லை.

போர்ட் அரான்சாஸ்: சில டாலர்களுக்கு ஓர் ஆண்டு அனுமதிச் சீட்டு வாங்கினால், கடற்கரையில் சில நாள் தங்கலாம்.

இலவசம்தான், ஆனால்...

சவுத் பீச்சில் குடிநீர்க் குழாயோ மின்சாரமோ கிடையாது. குடிக்க, சமைக்க, கழுவத் தேவையான தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். குப்பையையும் திரும்ப எடுத்துவர வேண்டும். உள்ளே போகப் போக செல்போன் சிக்னலும் இருக்காது. அங்கே வண்டி மணலில் புதைந்தால், மீட்பதற்கு ஆகும் செலவில் பல நாள் ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம்!

ஜனவரிப் பகல் நம்மூர் மலைவாசஸ்தலம்போல இதமாகத்தான் இருக்கும். ஆனால் ‘நார்தர்’ எனும் வாடைக்காற்று வந்தால், சில மணி நேரத்தில் குளிர் உடலை நடுக்கும். லேசான கூடாரம் தாங்காது. வானிலை அறிவிப்பையும் ஓத நேரத்தையும் பார்த்து, அலை எட்டாத மேட்டில் இடம் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

கூடவே வரும் கொக்குகள்

இதே குளிர்காலத்தில், இதே கனடாவிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்துவருகின்றன ‘ஹூப்பிங் கிரேன்’ எனும் வெண்ணிறப் பெருங்கொக்குகள். அரான்சாஸ் சரணாலயம்தான் அவற்றின் குளிர்கால வீடு. 1941-ல் இந்தக் கூட்டத்தில் மிஞ்சியவை இருபதுகூட இல்லை. தங்குமிடத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததால், இன்று 500-ஐத் தாண்டிவிட்டன.

ஹூஸ்டனிலிருந்து பாட்ரே தீவுக்குக் காரில் சுமார் நான்கு மணி நேரம். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்க டெக்சாஸ் போகும் பெற்றோர், ஒரு நாள் பயணமாகவாவது இந்தக் கரையை எட்டிப் பார்க்கலாம். தண்ணீர் கேனும் கம்பளியும் மறக்க வேண்டாம்!