புகார் எழுத வேண்டியவர் யார்?

2021 மார்ச்சில் பிரான்சின் ஒளிபரப்பு ஆணையம் சிநியூஸ் சேனலுக்கு 2 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. முந்தைய செப்டம்பரில், பெற்றோர் துணையின்றி வந்து சேரும் வெளிநாட்டுச் சிறுவர்கள் எல்லோரையும் திருடர்கள், கொலைகாரர்கள் என்று அந்தச் சேனலின் விமர்சகர் எரிக் செமூர் அதில் பேசியிருந்தார். புதுச்சேரியில் இந்தச் செய்தியைக் கவனித்துப் படிக்க ஆள் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'க்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் பலர் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்டார்கள். அந்நாட்டுத் திரையில் வந்தேறிகளைத் திட்டும்போது, அந்தத் திட்டு நம் தெருப் பிள்ளைகள் மேலும்தான் விழுகிறது.

*

இதே புதுச்சேரியில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடை. டிவியில் தமிழ்ச் செய்தி. எங்கோ ஒரு நகைக்கடைத் திருட்டில் இரண்டு பேர் பிடிபட்டிருக்கிறார்கள். திரையின் கீழே சிவப்புப் பட்டையில் 'வடமாநிலக் கும்பல் அட்டகாசம்' என்று ஓடுகிறது. மேலே, ரயிலிலிருந்து மூட்டையோடு இறங்கும் தொழிலாளர்களின் பழைய காட்சி. அவர்களில் ஒருவருக்கும் அந்தத் திருட்டோடு சம்பந்தமில்லை. பெஞ்சில் ஒடிசாப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டையில் ஓடும் தமிழை அவர்களால் வாசிக்க முடியாது. படத்தைப் பார்த்தார்கள்.

உள்ளூர்க்காரர் திருடினால் அவர் பெயரும் வயதும் வரும். அவர் எந்த மாநிலத்தவர் என்பது தலைப்பாக வராது.

*

விதி நம்மிடம் இல்லாமல் இல்லை. செய்திச் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த வழிகாட்டுதலில் இனம், மதம் சார்ந்து ஆட்களை ஒரே அச்சில் வார்த்துக் காட்டக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. 2008இல் அந்த அமைப்பின் முதல் தலைவரானவர் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா. 2021 ஜூனில் மத்திய அரசு கேபிள் விதிகளைத் திருத்தி மூன்று படிகளை வைத்தது. முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். அது 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளில் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு. அங்கே 60 நாள். அதற்கும் மேலே மத்திய அரசு.

இது பார்வையாளர் எழுதினால்தான் நகரும் முறை. திரையில் இழிவுபடுத்தப்பட்டவர் தானே பார்த்து, புரிந்துகொண்டு, எழுதுவார் என்று அது எதிர்பார்க்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் ஒடிசாத் தொழிலாளியால் தமிழ்ச் சேனலுக்கு மனு எழுத முடியுமா? எழுத வேண்டியவர்கள் நாம். நம் மொழியில் சொல்லப்பட்டது நமக்குத்தான் முழுதாகப் புரிகிறது.

*

2023 மார்ச் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. சில ஊடகங்கள் சரிபார்க்காமலே அதை எடுத்து வெளியிட்டன. தமிழர்கள் எல்லோரும் கொலைவெறிக் கூட்டமாகக் காட்டப்பட்டோம். நமக்கு எவ்வளவு எரிந்தது! பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது, தமிழ்நாடு காவல்துறை வழக்குப் போட்டது, கைதுகளும் நடந்தன. அந்த எரிச்சல் நியாயமானது. அதே நியாயம் மேட்டுப்பாளையத்து பெஞ்சில் இருந்தவர்களுக்கும் உண்டு.

*

புகார் முறை தவறான ஆள் மேல் பாய்வதும் நடக்கும். 2019 ஜூலையில் பிபிசி காலை நிகழ்ச்சியில் நாகா முன்செட்டி – தாய் இந்தியர், தந்தை மொரீஷியஸ்காரர் – பெண் எம்.பி.க்களை நோக்கிய டிரம்பின் 'திரும்பிப் போ' பேச்சைப் பற்றித் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். ஒரு பார்வையாளர் புகார் செய்தார். புகார்ப் பிரிவு அதில் ஒரு பகுதியை ஏற்று, முன்செட்டி விதி மீறியதாகச் சொன்னது. பெரும் எதிர்ப்பு கிளம்பவே, செப்டம்பர் முடிவில் தலைமை இயக்குநர் டோனி ஹால் தீர்ப்பை மாற்றினார். நியாயமான புகாரை முதலில் தட்டிக்கழிப்பதும் உண்டு. அடுத்த ஆண்டு, பிரிஸ்டல் நகரில் நடந்த ஒரு தாக்குதல் பற்றிய பிபிசி செய்தியில் கறுப்பினத்தாரை இழிவுசெய்யும் சொல்லைச் செய்தியாளர் அப்படியே உச்சரித்தார். 18,600க்கும் மேல் புகார்கள் வந்தன. பிபிசி முதலில் நியாயப்படுத்தியது, பிறகு அதே ஹால் மன்னிப்புக் கேட்டார். புகாரைத் தீர்க்கும் மேசையில் அடிபட்ட அனுபவமுள்ளவர் ஒருவராவது உட்கார வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

*

இங்கே தண்டனை மிகச் சிறியது. 2022 ஏப்ரலில் நியூஸ்18 இந்தியா ஹிஜாப் விவாதத்தில், அதை அணியும் மாணவிகள் பக்கம் பேசியவர்களை அல்கொய்தாவோடு சேர்த்துக் காட்டியது. அக்டோபரில் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பின் அபராதம் வந்தது: 50,000 ரூபாய். அப்போது உச்ச வரம்பே ஒரு லட்சம்தான்; அது சேனல்களைத் தடுக்கப் போதாது என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு சொன்னது.

ஆனாலும் எனக்குப் பணத்தைவிட மன்னிப்பு முக்கியம். எந்த நேரத்தில் இழிவுபடுத்தினார்களோ அந்த நேரத்தில், அதே அளவு எழுத்தில் அதைத் திரையில் காட்ட வேண்டும்.

*

எழுதுகிறவர்களுக்குச் சில. சேனல் பெயர், தேதி, நேரம், பட்டையில் ஓடிய வாசகம் அப்படியே. போனில் திரையைப் படம் எடுத்துவையுங்கள். சேனல் தன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை எழுதி நினைவூட்டுங்கள். சுயக் கட்டுப்பாட்டு அமைப்பின் நடைமுறைப்படி ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்குப் புகார் போய்ச் சேர வேண்டும். 'மனம் புண்பட்டது' என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் பதில் வரும். எந்தக் காட்சி யாரைப் பற்றிப் பொய் சொல்கிறது என்று எழுதினால் அவர்கள் பதில் தேட வேண்டியிருக்கும்.

*

உள்ளூர் கேபிள் சேனல்களுக்கு மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று ஒன்றை மத்திய அரசு வகுத்திருக்கிறது. கலெக்டர் தலைவர், காவல் கண்காணிப்பாளர், மகளிர் கல்லூரி முதல்வர் ஒருவர், பெண்கள் நல, குழந்தைகள் நல அமைப்புகளின் ஆட்கள் உறுப்பினர்கள். சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவர் சார்பில் அந்த வரிசையில் ஒரு நாற்காலி இல்லை. புதுச்சேரி கலெக்டருக்கு இதைத்தான் மனுவாக எழுதப்போகிறேன்: ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒரு தொழிலாளர் பிரதிநிதி, அவர்கள் மொழியிலேயே புகார் வாங்க ஒரு தொலைபேசி எண்.