பக்கத்து ஊர் யாத்திரை

விழுப்புரம் என்று ஓர் ஊர் இருப்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் கிடையாது. அந்த ஊரைப் பார்த்தவர்கள்தான் மிகச் சிலர். சென்னை, திருச்சி, மாயவரம், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் ரயில் பிரியும் ஜங்ஷன் அது. நடு ராத்திரியில் வண்டி அங்கே நிற்கும்போது யாராவது ஒரு பிரயாணி விழித்துக்கொண்டு, "எந்த ஊர் ஸார்?" என்று கேட்பார். "விழுப்புரம்." "அப்படியா, இன்னும் நேரமிருக்கிறது" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். திண்டிவனத்துக்கு அந்த மரியாதையும் இல்லை. பஸ்ஸை நிறுத்தினால் இறங்கிக் காப்பி சாப்பிடுவதோடு சரி.

முதல் ஊரில் என் வீடு. இரண்டாவது ஊரில் மாமனார் வீடு. நடுவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இந்த நாற்பது கிலோமீட்டரைச் சுற்றியே ஒரு வருஷம் முழுவதும் நாங்கள் யாத்திரை செய்தோம் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். காசிக்குப் போனவனும் சிங்கப்பூருக்குப் போனவனும் சிரிக்கட்டும். எங்களுக்கு அவசரமான காரணம் ஒன்று இருந்தது.

என் தகப்பனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 2022-ல் அந்த உத்தியோகத்துக்கு 'டிரெயின் மானேஜர்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அப்பா அதை ஒப்புக்கொள்வதில்லை. "மானேஜர் என்றால் நாற்காலியில் உட்காருகிறவன். நான் நின்றுகொண்டே போனவன்" என்பார். அந்த உத்தியோகத்துக்குக் கண்தான் மூலதனம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை உண்டு. ஒவ்வொரு தடவையும் கடைசி வரி வரையில் தடங்கல் இல்லாமல் படித்தவர் என்று அவருக்குப் பெருமை. எழுபத்தாறாவது வயதில், 2023-ஆம் வருஷக் கடைசியில், அவருக்குக் கிளாக்கோமா என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அரித்துவிடும் வியாதி அது. பலருக்கு வலி என்பதே தெரியாது. ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கி வரும். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து விட்டு, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். எத்தனை நாளைக்கு என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

அப்பா செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் சில காலம் வேலை பார்த்தவர். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் சொன்னார்: "வண்டி குகைக்குள் போகும்போது, கடைசி வண்டியில் நின்று பின்னால் பார்த்தால், வெளிச்சம் வட்டமாக இருக்கும். போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். அப்படித்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை." பிறகு, வழக்கம்போல, கடையில் நிறுத்தி வெற்றிலை வாங்கிக்கொண்டார்.

திட்டம் போட்டவள் என் பெண். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு காகிதத்தில் மூன்று சட்டங்களை எழுதி ஐஸ் பெட்டியின் கதவில் ஒட்டினாள். காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தூரத்தில் இடம் இருக்கவேண்டும். எல்லோரும் வரவேண்டும். தாத்தாவிடம் "மெதுவா, பார்த்து" என்று யாரும் சொல்லக்கூடாது. மூன்றாவது சட்டத்தை என் மனைவி முதல் நாளே, பஸ் ஸ்டாண்டிலேயே, மீறினாள். பரீட்சை வருஷத்தில் ஊர் சுற்றுவதா என்ற கோபமும் அவளுக்கு இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எங்களுடன் வந்தாள்.

2024 ஜனவரியில் முதல் பிரயாணம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவெளிக்கு. திண்டிவனத்தில் மாமியாரையும் அவருடைய புளியோதரைத் தூக்கையும் ஏற்றிக்கொண்டோம். கழுவெளி என்பது கடல் நீரும் மழை நீரும் கலந்து நிற்கும் பெரிய சதுப்பு நிலம். 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாங்கள் போய்வந்த அதே வருஷம் ஆகஸ்டில், உலகத்தின் முக்கியமான ஈர நிலங்களுக்கான ராம்ஸார் பட்டியலில் அது சேர்ந்த செய்தி வந்தது. என் பையன், நாங்கள் போனதால்தான் சேர்த்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறான்.

மத்திய ஆசியாவிலிருந்து குளிர் காலத்துக்கு வந்து இறங்கும் வாத்துக்களும் உள்ளான்களும் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. இரவல் வாங்கிவந்த பைனாகுலரைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் அகப்படவில்லை, வெறும் வட்டம்தான் தெரிகிறது" என்று அழாக்குறையாகச் சொன்னான். அப்பா அதை வாங்கிக் கண்ணில் வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அதோ, பூநாரை. ஒன்று, இரண்டு... ஏழு" என்றார். எல்லோரும் அதிசயப்பட்டோம். "எனக்கு இப்போது எப்போதுமே வட்டம்தானே? அதற்குள் தேடுவது பழகிவிட்டது. இவன் புதிசு" என்றார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, உப்பளத்தைப் பார்க்கிற பாவனையில் நின்றாள்.

அந்த மரக்காணம்தான் பழைய எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சங்க காலத்துச் சிறுபாணாற்றுப்படையில் வரும் ஊர். நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்த 269 அடிகளையும், தமிழில் முதல் குடும்பப் பிரயாண நூல் என்று நான் சொல்லுவேன், பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளட்டும். சிறிய யாழை வைத்துக்கொண்டு பாணன் ஒருவன், பெண்டு பிள்ளை சுற்றத்தோடு வெயிலில் நடக்கிறான். பெண்களுக்குக் கால் வலிக்கிறது. எதிரே வருகிற இன்னொரு பாணன், நல்லியக்கோடன் என்ற வள்ளலிடம் போ என்று வழி சொல்கிறான். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று விவரம் வேறு: எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளியிட்ட சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டும். முடிவில் போய்ச் சேரும் இடம் கிடங்கில். திண்டிவனத்தில் கிடங்கல் என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. மாமியார் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இத்தனை ஆயிரம் வருஷத்துப் பாதையில்தான் புளியோதரைத் தூக்கோடு திரும்பி வந்தோம் என்று நான் உற்சாகமாக விளக்கினேன். மாமியார், "அவர்களுக்கும் கால் வலித்ததா?" என்று மட்டும் கேட்டார்.

புளி என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. திண்டிவனத்தின் பெயரே புளியங்காடு என்பதுதான். வடமொழியில் திந்திரிணி என்றால் புளி. ஊர்க் கோயிலில் சுவாமி பெயரும் திந்திரிணீசுவரர். நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது சாலையோரத்துப் புளியமரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் போகாத புளியமரம் சில மைலுக்கு அப்பால் கிடக்கிறது. அதைத்தான் பிப்ரவரியில் பார்த்தோம்.

திருவக்கரையில் வக்கிரகாளியம்மன் கோயிலைத்தான் பெரும்பாலோர் அறிவார்கள். பௌர்ணமிக்குக் கூட்டம் நெரியும். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. செம்மண் மேட்டில், அறுத்துப் போட்ட மரங்கள்போல், கல் மரங்கள் கிடக்கின்றன. வயது ஏறக்குறைய இரண்டு கோடி வருஷம். பதினைந்து மீட்டர் நீளமுள்ள மரமும் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஸொன்னெரா 1781-லேயே இவற்றைக் கண்டு எழுதியிருக்கிறார். ஒன்றிலும் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. ஆகையால் இவை இந்த இடத்தில் முளைத்தவை அல்ல. எங்கோ நின்றவற்றைப் பெருவெள்ளம் பிடுங்கிக்கொண்டு வந்து மணலில் புதைத்துவிட்டது என்கிறார்கள். மண்ணுக்குள் ஊறிய நீரில் இருந்த மணற்சத்து, மரத்தின் ஒவ்வோர் இழையாகப் புகுந்து, மரம் போக, அதன் வடிவத்திலேயே கல் நின்றுவிட்டது. வருஷ வளையம்கூட அப்படியே இருக்கிறது. இவற்றில் புளிய மரத்தின் இனமும் ஒன்று.

அன்றைக்கு அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மரத்தின் வெட்டு முகத்தில் உள்ளங்கையை வைத்து, விரலால் வளையங்களைத் தடவித் தடவி எண்ண ஆரம்பித்தார். முப்பது வரையில் எண்ணினார். பையன் தானும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான். அவனுக்கு இருபத்தாறுதான் வந்தது. இரண்டு பேருக்கும் தகராறு. காவல்காரர் வந்து, அப்பாவின் கையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தானும் குனிந்து பார்த்துவிட்டு, "முப்பதுக்கு மேலே இருக்கும் பெரியவரே" என்று தீர்ப்புச் சொன்னார். "இரண்டு கோடி வருஷத்துப் புளியா? என் ஜாடியில் இருக்கிறதைத்தான் பழம் புளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார் மாமியார்.

மார்ச்சில் பரீட்சை. ஏப்ரலில் வெயில்; நுங்கு தின்றதைத் தவிர விசேஷம் இல்லை. மே 6-ஆம் தேதி ரிஸல்ட் வந்தது. பெண்ணுக்குத் திருச்சியில் கல்லூரி என்று தீர்மானமாயிற்று. அந்தச் சந்தோஷத்துக்காக மண்டகப்பட்டுக்குப் போனோம். செஞ்சி சாலையில் சிறிய பாறை, அதில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில். பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதை எடுத்தேன் என்று, விசித்திரசித்தன் என்ற பட்டப் பெயரில், அந்த ராஜாவே கல்லில் பொறித்திருக்கிறான். ஆயிரத்து நானூறு வருஷத்துப் பெருமை. அப்பா கேட்டுவிட்டு, "ஒரு சாமானும் இன்டென்ட் போடாமல் வேலையை முடித்திருக்கிறான். இவன் மாதிரி ஓர் ஆள் எங்கள் டிபார்ட்மென்டில் இருந்ததில்லை" என்றார்.

பெண்ணை ரயிலேற்றிவிட்ட பிறகு வீட்டில் சட்டம் போட ஆள் இல்லை. நாலு மாதம் எங்கும் போகவில்லை. அப்பாவின் வட்டம் இன்னும் கொஞ்சம் சிறுத்தது. தட்டில் இடது ஓரத்துக் கறி அப்படியே மிஞ்சியது. என் மனைவி பேசாமல் கறியை நடுவில் பரிமாற ஆரம்பித்தாள்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. இருட்டில் நாங்கள் கதவிலும் கட்டிலிலும் இடித்துக்கொண்டோம். அப்பா மட்டும் நேராகப் போய்த் தீப்பெட்டி எடுத்துவந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி, ரயில்கள் நின்றன. வெள்ளத்துக்குப் பயப்படாதவர் அதற்குத்தான் நிலைகொள்ளாமல் தவித்தார். சத்தம் வராத ஜங்ஷனுக்குப் பக்கத்தில் அவர் ஒரு நாளும் தூங்கியதில்லையாம்.

வருஷத்தின் கடைசி வாரம் பெண் விடுமுறைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "செஞ்சி பாக்கி இருக்கிறதே?" என்று கேட்டாள்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது என்பதால் அப்பாவுக்கு அந்த ஊர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். இருந்தாலும் தேசிங்குராஜன் கதையைக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர். மூன்று மலையை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, மொகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சிதான். நாங்கள் போன அன்று அந்தப் பட்டம் இன்னும் வரவில்லை. குரங்குகள் மட்டும் இருந்தன.

மாமியாரும் மனைவியும் கல்யாண மகாலின் நிழலில் தங்கிவிட்டார்கள். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பெண் அவருடைய இடது பக்கம், ஓர் அடி முன்னால். "ஏறு... ஏறு... உயரப் படி... சமம்... ஏறு" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் கால் வைத்தார். ஒரு குரங்கு வழியை மறித்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து பழைய கார்டு விசிலை எடுத்து ஊதினார். குரங்கு ஓடியது, மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக் கோஷ்டியும் திடுக்கிட்டு நின்றது.

பாதி உயரத்துக்கு மேல் ஒரு வாசல் வந்தது. அப்பா கல்லில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கவில்லை, அதை நான் கவனித்தேன். "இதோடு போதும். ஏறிவிடுவேன். இறங்கும்போது இவள் எனக்குக் கீழே நிற்கவேண்டியிருக்கும். அது சரிப்படாது" என்றார். "தாத்தா, சட்டம்—" என்று பெண் ஆரம்பித்தாள். "வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கிறது கார்டு" என்றார். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் பையனும் மேலே போனோம். பாறை பிளந்த பள்ளத்தின்மேல் போட்ட பாலத்தைத் தாண்டி, உச்சிக்கும் போய்ச் சேர்ந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. பச்சை வயலும் வெள்ளம் தேங்கிய ஏரிகளும் கண்ணுக்கெட்டிய வரையில் கிடந்தன. திரும்பி இறங்கி வாசலுக்கு வந்ததும், அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

"கிருஷ்ணகிரி எந்தப் பக்கம்?"

பையன் கையைக் காட்டினான்.

"அதன் உச்சியில் மண்டபம் உண்டா?"

"உண்டு."

"கீழே செட்டிகுளம், சக்கரகுளம் என்று இரண்டு. தேசிங்குக்குச் சிதை மூட்டியது செட்டிகுளத்துக் கரையில் என்பார்கள். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறதா? எதில் அதிகம்?"

பையன் விழித்தான். அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நானோ உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவன்.

"இரு தாத்தா" என்றான் பையன். தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, வந்த படியிலேயே மறுபடியும் மேலே ஓடினான். "மெதுவா, பார்த்து!" என்று அப்பா கத்தினார்.