ஊர்ப்பெயர் சூடிய பூனைகள்

பத்திரிகைச் செய்தியொன்றின் தொடக்கத்தில் ஓர் ஊரின் பெயர் இருந்தால், அச்செய்தி அங்கிருந்துதான் வந்தது என்று வாசகர் நம்புவர். அந்த நம்பிக்கையைக் காப்பது செய்தியாளரின் கடமை. பூனை வளர்ப்போர் உலகில் அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லைப் போலும்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் தொலைபேசியில் பேசும்போது, பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி முடித்ததும் வீட்டுப் பூனையின் சேதிக்கு வந்துவிடுகின்றனர். ஒருவரிடம் பாரசீகப் பூனை; இன்னொருவரிடம் பம்பாய்ப் பூனை. "எங்கள் பக்கத்துப் பூனை" என்று பின்னவருக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் என்னைத் தேட வைத்தது.

பம்பாய்ப் பூனையின் பிறப்பிடம் பம்பாய் அன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1950களில் நிக்கி ஹோர்னர் என்ற பெண்மணி, பர்மியப் பூனையையும் கறுப்பு நிற அமெரிக்கக் குறுமுடிப் பூனையையும் இணைத்து உருவாக்கத் தொடங்கிய இனம் அது. இந்தியாவின் கருஞ்சிறுத்தையை நினைவூட்டியதால் இந்தியப் பெயர் வந்தது. ஹவானாப் பூனை உருவானது கியூபாவில் அன்று, இங்கிலாந்தில். இமாலயப் பூனையோ சியாமையும் பாரசீகத்தையும் கலந்து பெறப்பட்டது. மலைக்கும் அதற்கும் உறவில்லை.

பாரசீகப் பூனையின் கதை இன்னும் வியப்பானது. 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து நீள்முடிப் பூனைகள் ஐரோப்பா சென்றமை உண்மை. ஆயினும் 2008இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இன்றைய பாரசீகப் பூனை மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமானது எனக் காட்டியது. பெயர் நிலைத்தது, இரத்தம் மாறிவிட்டது.

எல்லாப் பெயர்களும் பொய்யல்ல. சியாம் பூனை உண்மையிலேயே தாய்லாந்துக்கு உரியது. 1930இல் பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சேர்ந்த 'வொங் மௌ' என்ற பெண் பூனையே அமெரிக்காவில் உருவான பர்மிய இனத்தின் மூலத்தாய்.

நமக்கும் இதில் பங்குண்டு. 'சிலோன்' என்ற பெயரை நாடு 1972இல் கைவிட்டது. 1984இல் இத்தாலியர் ஒருவர் நமது தீவின் பூனைகள் சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அங்கே அவை 'சிலோன் பூனை' என்ற தனி இனமாயின. இங்கே கூரையிலும் மதிலிலும் திரிந்தபோது அவற்றை யாரும் இனம் என்று அழைத்ததில்லை.

பெயர் விளையாட்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1961இல் ஸ்கொட்லாந்தின் பண்ணையொன்றில் காது மடிந்த பூனையொன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் வழியில் வந்ததே 'ஸ்கொட்டிஷ் ஃபோல்ட்'. காதை மடிக்கும் அதே மரபணு உடலெங்குமுள்ள குருத்தெலும்பையும் கெடுக்கிறது. மூட்டுகள் இறுகி வலிக்கின்றன. இதனாலேயே பிரித்தானியாவின் பூனை வளர்ப்போர் பேரவை 1970களில் இவ்வினத்தைப் பதிவு செய்வதை நிறுத்தியது. பாரசீகப் பூனையின் தட்டை முகமும் மனித விருப்பத்தின் விளைவே; மூச்சுத் திணறலும் ஓயாத கண்ணீரும் அதற்குக் கிடைத்த கூலி.

உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்துக்கும் மூதாதை ஒன்றே: ஆபிரிக்கக் காட்டுப்பூனை. ஆகவே பூனை வாங்க எண்ணும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது எந்த ஊர் என்று கேட்கும் முன்னர், நோவின்றி நடக்கிறதா, தடையின்றி மூச்சு விடுகிறதா என்று பாருங்கள்.