காயம் பட்ட கவசம்

மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த மார்புக் கவசத்தை மடியில் வைத்து, உப்புத்தாளால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தான் அக்கா மகன். திருவானைக்காவலில் கோயில் மதில் தெரியும் ஒரு மொட்டை மாடி. வெயில் தாழ்ந்த நேரம். பச்சைப் பெயின்ட் காய்ந்து, பார்வைக்கு இரும்புத் தகடாகவே இருந்தது அது. கையில் எடுத்தால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் கனம்தான். இவ்வளவு நன்றாக வந்ததை ஏன் பாழாக்குகிறாய் என்று கேட்டேன்.

"புதுசா பளபளன்னு இருந்தா அது பொம்மை மாமா. அடி வாங்கியிருந்தாத்தான் கவசம்."

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன் சொன்ன இந்தப் பதில் பல நாள் மனதை விட்டுப் போகவில்லை. பொய்க் கவசத்துக்கு எதற்கு மெய்யான காயம்? ஒருவரையும் காக்காத கவசத்தை மனிதர்கள் எப்போதிருந்து செய்கிறார்கள்? அதைத் தேடிய பயணம் முதலில் கடல் கடந்தது. பிறகு திரும்பி வந்து, காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றது.

அவன் செய்வது போபா ஃபெட்டின் கவசம். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் காசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேட்டைக்காரன் அவன். அந்தப் படத்தில் அவனுக்கு வசனம் சில வரிதான். முகத்தை ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. அவன் பழைய கதையைக் கவசம்தான் சொல்கிறது. தலைக்கவசத்தில் ஒரு குழிவு, தோளில் உதிர்ந்த வர்ணம், மார்புத் தகட்டில் கீறல். இதைச் செய்து பார்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அந்தக் குழிவின் இடத்தையும் ஆழத்தையும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

மாடியில் நடக்கும் வேலையும் அளவில்தான் தொடங்குகிறது. பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, முழுக்க டேப் ஒட்ட வேண்டும். தகடுகளின் கோட்டை அதன்மேல் பேனாவால் வரைந்து கத்தரித்து எடுத்தால், அவனவன் உடம்புக்கான அச்சு கிடைத்துவிடும். அதை இ.வி.ஏ. ஷீட்டில் வைத்து வெட்டுகிறான். செருப்புக்கும் ஜிம் தரைக்கும் போடுகிற அதே நுரை ஷீட்தான். ஓரத்தைச் சாய்த்து வெட்டினால்தான் இரண்டு துண்டும் கோணம் பிசகாமல் சேரும். ஹீட் கன்னைக் காட்டியதும் ஷீட்டின் மேல்தோல் லேசாக மினுங்கும். அந்த நொடியில் முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்தால், ஆறியபின் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். ஒட்டுவதற்கு, தச்சர்கள் சன்மைக்கா ஒட்டும் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து அழுத்துகிறான். அவசரப்பட்டால் ஓரம் வாயைப் பிளந்துவிடும். நுரை பெயின்டைக் குடித்துவிடாமல் இருக்க, தண்ணீர் கலந்த ஃபெவிகால் நாலைந்து பூச்சு.

அதற்குப் பிறகுதான் காயம். முதலில் முழுக்க வெள்ளிப் பெயின்ட். அது காய்ந்ததும், அடிபட்டிருக்க வேண்டிய இடங்களில் மட்டும் பற்பசையைத் தொட்டுத் தொட்டு வைக்கிறான். அதன்மேல் பச்சை. எல்லாம் உலர்ந்ததும் ஈரத் துணியால் துடைத்தால் பற்பசை பெயர்ந்து வருகிறது. அந்த இடத்தில் மட்டும் வர்ணம் உதிர்ந்து உலோகம் எட்டிப் பார்ப்பதுபோல வெள்ளி தெரிகிறது. மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்கிறது. எந்த இடத்தில் காயம் வைப்பது என்பதுதான் கலை. தோளின் நுனியும் முழங்கையும் உரசும்; அக்குள் பக்கம் உரசாது. கை போன போக்கில் கீறியவன் சண்டை போடாதவன் என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கின் வேரைத் தேடுகிறவர்கள் வழக்கமாகப் போய் நிற்கும் ஆண்டு 1939. அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞரும் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் எதிர்கால மனிதர்களின் உடையில் அங்கே வந்து நின்றார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மர்ட்டில். எச்.ஜி. வெல்ஸின் கதையிலிருந்து 1936இல் வந்த 'திங்ஸ் டு கம்' படமும், பத்திரிகை ஓவியர் ஃபிராங்க் பாலின் சித்திரங்களும் அவருக்கு மாதிரி. இன்னும் பின்னால் போனால் 1908. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு மாறுவேட நிகழ்ச்சிக்கு ஒரு கணவனும் மனைவியும் சித்திரக்கதைப் பாத்திரங்களாகப் போயிருக்கிறார்கள். 'காஸ்ப்ளே' என்று இன்று இளைஞர்கள் சொல்லும் வார்த்தை வெகு பிந்தியது. ஜப்பானில் நோபுயுகி தகாஹாஷி 1983இல் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக உருவாக்கியது.

ஆனால் அவையெல்லாம் துணி. உடம்பை மூடிய தகட்டுக் கவசம் பொழுதுபோக்காகப் பரவியது 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்த பிறகு. வெள்ளைக் கவசச் சிப்பாய்களின் உடல் தகடுகளைச் செதுக்கியவர் சிற்பி பிரையன் மியூர். தலைக்கவசங்களைப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் காற்றுறிஞ்சி இழுத்து வார்த்தவர், லண்டனையொட்டிய ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த். பல ஆண்டுகள் கழித்து அவர் அதே தலைக்கவசத்தைச் செய்து விற்கத் தொடங்கியதும், படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்தத் தலைக்கவசம் சிற்பமா, அல்லது படத்தில் ஒரு பயனுக்காகச் செய்த பொருளா என்ற கேள்வி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது சிற்பம் அல்ல என்று 2011 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அதற்குள் ரசிகர்கள் ஒரு படையே திரட்டியிருந்தார்கள். விபத்தில் ஒரு காலை இழந்த ஆல்பின் ஜான்சன் என்ற அமெரிக்கர் 1997இல் தொடங்கிய 501ஆவது லீஜியனில் சேர, திரையில் வந்ததற்கு ஒப்பான கவசம் சொந்தமாக இருக்க வேண்டும். அந்தக் கவசத்தோடு அவர்கள் போவது மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பார்க்கவும் தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டவும். ஒருவரையும் காக்காத கவசம் என்று முதலில் நினைத்ததை இந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த மோகம் திரை வழியாகத்தான் வந்திருக்கும் என்பது தேடலின் அடுத்த ஊகம். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலையரசி'யிலேயே வேற்றுக் கிரகவாசிகள் வந்துவிட்டார்கள். இயந்திரங்களைத் தமிழ் வாசகர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தவரோ ஸ்ரீரங்கத்துக்காரர். அங்கே வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எஸ். ரங்கராஜன், சுஜாதாவாகி 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார். 'எந்திரன்' படத்துக்கு வசனம் எழுதினார். 2010இல் படம் வந்தபோது அவர் இல்லை. 2008 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். அந்தப் படத்தின் ரோபோ வேலைகளில் பங்கேற்ற லெகசி எஃபெக்ட்ஸ், 'அயர்ன் மேன்' கவசம் செய்த ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையிலிருந்து வந்தவர்கள் அமைத்த நிறுவனம். திருவானைக்காவலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் வளர்ந்த ஒரு பையனின் கற்பனை, ஹாலிவுட்டின் கவசக்காரர்கள் வரை போய்த் தொட்டிருக்கிறது.

திரைக்கு முன்பே இங்கே ஒரு கவசக் கலை இருந்தது. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கட்டைக்கூத்தில் அர்ச்சுனனும் துரியோதனனும் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம். அதுவும் கல்யாண முருங்கை போன்ற எடையே இல்லாத மரம். அதைச் செதுக்கி, வர்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சில்லுகள் பொன்னும் மணியுமாக மின்னும். விடிய விடியச் சுழன்று ஆடும் கூத்தருக்கு உலோகம் ஆகாது. கனம் கூடாது, கண்ணுக்குக் கனமாகத் தெரிய வேண்டும். மூட்டு மடங்க வேண்டும், ஆட்டத்தில் அவிழக் கூடாது. நுரை ஷீட்டை வைத்துக்கொண்டு மாடியில் அவன் மல்லுக்கட்டும் அதே சிக்கல்களுக்கு, அந்த ஊர்க் கைவினைஞர்கள் என்றோ விடை கண்டுவிட்டார்கள். புஜக்கட்டையின் படத்தைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, கயிறு எங்கே கட்டுகிறார்கள் என்பதைத்தான்.

ஆனால் கூத்துக் கவசத்தில் காயம் இல்லை. அது மின்னத்தான் வேண்டும். கோயிலிலும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருநாளில் மூலவர் பெரிய பெருமாள் முத்தங்கியில் சேவை சாதிக்கிறார். ஏகாதசி விடியலில் உற்சவர் நம்பெருமாள் ரத்தினாங்கியில் பரமபத வாசல் கடக்கிறார். ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது திருவாபரணங்களைக் களைந்து, சிறு பழுது இருந்தாலும் செப்பனிட்டு, மெருகேற்றி மறுபடி சாத்துகிறார்கள். திருவானைக்காவலில் நாள்தோறும் உச்சிக்காலத்தில் குருக்கள் சேலை உடுத்தி, கிரீடம் தரித்து, அகிலாண்டேஸ்வரியாகவே மேளதாளத்தோடு ஜம்புகேஸ்வரர் சன்னதிக்கு வந்து பூஜை செய்கிறார். அதை வேடம் என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் வருகிறவள் அம்பாள். உடுத்துவதால் ஒருவர் இன்னொருவராக முடியும் என்பதை இங்கே பிறந்த பிள்ளைகள் விவரம் தெரியும் முன்பே பார்த்துவிடுகிறார்கள். ஆனால் தெய்வத்தின் அணியில் ஒரு கீறலும் தங்கக் கூடாது.

அப்படியானால் அடிபட்ட கவசம் தமிழில் எங்கே இருக்கிறது?

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் இருக்கிறது. 13ஆம் பாடல். பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகப் போனால் இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிற உறையூர்தான். கருவூரில் சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையோடு வேண்மாடத்தின் மேல் இருக்கிறார் புலவர். கீழே யானைமேல் ஒருவன் வருகிறான். அவன் யார் என்ற கேள்விக்கு விடையாகவே பாடல் நகர்கிறது. வருகிறவன் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் யானைக்கு மதம் பிடித்திருக்கிறது, பாகர்களுக்கு அடங்கவில்லை. பகைவன் ஊருக்குள் அவனைக் கொண்டுவந்துவிட்டது. அவன் நோயின்றித் திரும்பிப் போகட்டும் என்று புலவர் வேண்டுகிறார். அவன் போட்டிருப்பது புலித்தோல் கவசம். புதுக் கவசம் அல்ல. அம்புகள் கிழித்துப் பொலிவு சிதைந்த கவசம்.

பல போர் கண்டவன் என்பதைக் கவசத்தில் இருக்கும் கிழிசலே காட்டிவிடுகிறது. மாடத்தின் மேலிருந்து புலவர் பார்த்துச் சொன்னதற்கும், மொட்டை மாடியில் உப்புத்தாளோடு பையன் சொன்னதற்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டு அளவுக்கு இடைவெளி. அவன் புறநானூறு படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஒரு ஆங்கிலப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு சொன்னான். ஆனாலும் தெய்வத்தின் அணி மாசற்று இருக்கும், வீரனின் கவசம் அடிபட்டிருக்கும் என்ற இரண்டு வழக்கமும் இந்தக் காவிரிக் கரைக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. வேரைத் தேடி நியூயார்க்கும் லண்டனும் போய் வந்த எனக்கு, அது உறையூரில் கிடைத்தது பெரிய மகிழ்ச்சி.

2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் காமிக் கான் முதல்முறையாக நடந்தது. அதுபோன்ற கூட்டங்களுக்குக் கவசம் கட்டிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் திரையில் பார்த்த ஆட்களையே செய்கிறார்கள். பார்த்து அளக்கப் படம் இருக்கிறது, அச்சு கிடைக்கிறது. புலித்தோல் கவசத்துக்கு அப்படி ஒரு படமும் கிடையாது. ஒரு பாட்டும் அதன் உரையும்தான்.

பாட்டைச் சொல்லி முடித்ததும் அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்:

"தோளிலயா மாமா, மார்புலயா? எங்க கிழிஞ்சுதுன்னு இருக்கு?"

"மார்புன்னு இருக்கு."

"அப்ப யானைமேல உட்கார்ந்திருந்தாலும் நேருக்கு நேரா நின்னு வாங்கியிருக்காரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு மாடியில் நின்றான். பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டும் வேலை இந்த முறை எனக்கு. ஒட்டி முடித்ததும் சிவப்புப் பேனாவை வாங்கி, குனிந்து பார்த்து, தகட்டுக் கோடு ஒன்றுமே வரைவதற்கு முன்னால், இடது மார்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினான்: அம்பு.