ஒரு கை கடலை

முதல் ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால், பொன்னேரி வருவதற்குள் கடலைக்காரர் வந்துவிடுவார். ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்து, எதிரில் இருப்பவர்களிடம் நீட்டுவது என் வழக்கம்.

“பித்தம்ப்பா” என்று கையை ஆட்டி மறுப்பார் ஒரு பெரியவர். “கொலஸ்ட்ரால் சார்” என்பார் சிப்காட் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர். பரு வருமென்று தயங்குவாள் கல்லூரிப் பெண். ரோலிங் மில்லில் வேலை செய்யும் பீகார் பையன் மட்டும் இரண்டு கையையும் நீட்டுவான். உலையனலில் நின்று வந்த பசி அது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அப்பா கடலை போடுவார். பிடுங்கும் நாளில் கொல்லை முழுக்க ஈர மண் வாசனை. அம்மா அவித்துக் கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டு வெல்லமும் தருவாள், பித்தத்துக்கு மாற்று என்று. “கறுத்ததையும் சுருங்கினதையும் துப்பிடு” என்பாள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு எல்லாம் மாறியது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வீட்டை விட்டுப் போனது. பாக்கெட் எண்ணெய் வந்தது. “கடலை பக்கமே போகக் கூடாது” என்று உறவும் அக்கம்பக்கமும் சொன்னதை நாங்கள் சட்டமாக்கிக்கொண்டோம். மாலையில் பஜ்ஜி மட்டும் நிற்கவில்லை. கடலை ஒரு பயறு வகை, துவரைக்கும் உளுந்துக்கும் உறவு, அதில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியாது. நூறு கிராமில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். ஆனால் அதில் பெரும்பங்கு இதயத்துக்குத் தீங்கு செய்யாத வகை. புரதம் சுமார் 25 கிராம், பாதாமில் 21தான். ஆனாலும் தீபாவளிக்குப் பரிசுப் பெட்டியில் வருவது பாதாம், பொட்டலத்தில் விற்பது கடலை. மலிவானதை இளப்பமாக நினைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒதுக்க வேண்டியவர்கள் உண்டு. கடலை ஒவ்வாத உடம்புக்கு ஒரு பருப்பே தொண்டையை அடைத்து உயிருக்கு உலை வைத்துவிடும். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்துவது பாவம். சின்னக் குழந்தைக்கு முழுப் பருப்பு தரக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கடலை யாருக்கும் ஆகாது. 1960இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் செத்தன. ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அம்மா துப்பச் சொன்னதன் அருமை அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பயமே நோயை வளர்த்த கதையும் உண்டு. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையே வேண்டாம் என்று 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள். 2015இல் லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. சிறுவயதிலிருந்தே பக்குவமாகக் கடலை தின்று வந்த குழந்தைகளிடம், ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை, கடலையைத் தவிர்த்த குழந்தைகளைவிட ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. அறிவுரை தலைகீழானது.

அம்மாவிடம் இருந்தது கவனம். வெல்லம் சேர்த்தாள், சொத்தையை நீக்கினாள், பிறகு தின்னக் கொடுத்தாள். எங்களிடம் இருந்தது பயம். அது கடலையை மொத்தமாகத் தூக்கி எறிந்தது.

கடைசி ஒன்பது வருஷம் அப்பா கடலை தின்னவில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தோலுரித்து, ஊதி, நசுக்கிக் கொடுப்பார். விரலில் ஒட்டிய சிவப்புத் தோலைத் தட்டிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். விளைவித்தவர் கையிலிருந்தே நாங்கள் அதைப் பிடுங்கியிருந்தோம். அதனால்தான் ரயிலில் யாராவது வேண்டாம் என்றால், ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தை மடிக்கிறேன்.