எங்களோடு படிப்பவள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தபோது எங்களோடு புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. "போட்டாலும் பரவாயில்லடி" என்றுதான் அவள் சொன்னாள். நாங்கள்தாம் வேண்டாம் என்று தீர்மானித்தோம். வேறொரு பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு மாற்றுச் சான்றிதழோடு வந்திருந்தாள். "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று அங்கே சொல்லியிருந்தார்களாம். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தமிழ் வகுப்பில் உரைநடைப் பாடத்தை ஆளுக்கொரு பத்தியாக வரிசையில் வாசிப்பது வழக்கம். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று அவள் முன்கூட்டியே எண்ணிவிடுவாள். பக்கத்தில் இருப்பவளை அதை மெல்ல வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வாள். தன் முறை வந்ததும் எழுந்து நின்று, புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து ஒப்பித்துவிடுவாள். ஒரு மாதம்வரை யாருக்கும் ஐயம் எழவில்லை. ஒரு நாள் டீச்சர் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்கள். அவள் கணக்குத் தவறிவிட்டது. 'தேன்' என்பது 'தென்' ஆயிற்று. 'கொடி' என்பது 'காடி' ஆயிற்று. அதற்குமேல் வாய் திறக்கவில்லை. 'சிலர் சிரித்தனர்' என்று எழுதினால் எங்களுக்கு வசதியாக இருக்கும். உண்மையில் எல்லாரும்தான் சிரித்தோம்.

மறுநாள் தலைமையாசிரியை சிஸ்டர் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். திட்டு விழப்போகிறது என்று தலைகுனிந்து நின்றோம். சிஸ்டரோ ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "ஒரு நிமிடத்தில் இதைச் சத்தமாக வாசியுங்கள்" என்றார்கள். பார்ப்பதற்குத் தமிழ்தான். ஆனால் கொம்புகள் இடம் மாறியிருந்தன. ல, ள, ழ மூன்றும் ஒன்றுக்கொன்று மாறிக் கிடந்தன. சொற்களுக்கு நடுவே இடைவெளி வரக்கூடாத இடத்தில் வந்திருந்தது. "சீக்கிரம், சீக்கிரம். இதுகூடத் தெரியாதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிடுமே!" என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே சிஸ்டர் விரட்டினார்கள். எங்கள் வகுப்பில் எப்போதும் முதலிடம் பெறுகிறவள் மூன்றாவது வரியில் அழுதுவிட்டாள். சிஸ்டர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அவளுக்குத் தினமும் எல்லாப் பாடமும் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். கண்ணில் கோளாறு இல்லை; அறிவிலும் குறைவில்லை; சோம்பலும் இல்லை. காதில் விழும் ஒலியையும் தாளில் இருக்கும் எழுத்தையும் இணைப்பதில்தான் சிரமம். 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இத்தகைய பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அச்சிறுவனுக்குத் தன் பெயரையே சரியாக எழுத வரவில்லை. ஆனால் பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அதைக் கேட்டதும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அறிவியல் டீச்சர் ஒருமுறை சொன்ன பாடத்தை ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் அப்படியே சொல்லக்கூடியவள் எங்கள் தோழி.

நம் தமிழ் எழுத்தும் இந்தப் பிள்ளைகளுக்கு எளிதன்று. 'கொ' என்று சொல்லும்போது முதலில் வருவது 'க்' என்ற ஒலி, பிறகுதான் 'ஒ'. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்துவிடுகிறது, ககரம் நடுவில், கால் கடைசியில். காது ஒரு வரிசையில் போக, கண் வேறொரு வரிசையில் போகிறது. 'தெ', 'தே' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழிதான். அந்தச் சுழியைக் கொடுத்தவர் நம் வீரமாமுனிவர் என்று இலக்கண வகுப்பில் பெருமையோடு படித்தோம். அதற்குமுன் குறிலுக்குப் புள்ளி வைத்து எழுதுவார்களாம். ஓலையில் புள்ளியைத் தேடி வாசித்தவர்கள் பாடு இன்னும் திண்டாட்டமாக இருந்திருக்கும்!

எல்லாம் தெரிந்தபின் எங்களுக்கு இரக்கம் பொங்கியது. முறைபோட்டு அவளுடைய நோட்டுகளை நாங்களே எழுதித் தந்தோம். வீட்டுப்பாடமும் எழுதினோம். வரைபடத்தில் ஆறுகளைக்கூட நாங்களே குறித்தோம். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "நீங்க எழுதிக் குடுத்தா நோட்டுதான்டி நிறையுது. பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டுங்க, போதும்" என்றாள். எங்களில் இருவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அதன்பிறகு மதிய உணவு முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினோம். மாலையில் வீட்டில் அம்மாவின் கைபேசியில் பாடத்தை வாசித்துப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினோம். தொடக்கப்பள்ளி சிஸ்டர் ஒருவர் ஒரு முறத்தில் ஆற்று மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் அதை எழுதும்படி அவளைப் பழக்கினார்கள். கண்ணும் காதும் விரலும் ஒன்றாக வேலை செய்தால் எழுத்து மனத்தில் நிற்குமாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் மணலில் எழுதித்தான் படித்தார்கள் என்பது எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று முதலில் கூசினாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோ முறத்தைச் சுற்றி உட்கார்ந்து, "அக்கா, எனக்கும் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது எளிது. இனிச் சொல்வது கொஞ்சம் கடினம்.

அரையாண்டுத் தேர்வில் அவளுக்கு அறிவியல் தேர்வை வாய்மொழியாக நடத்தினார்கள். அவள் சொல்லச் சொல்ல, வேறு வகுப்பு ஆசிரியை ஒருவர் எழுதினார்கள். கூடுதலாக ஒரு மணி நேரமும் கொடுத்தார்கள். முடிவு வந்தபோது வகுப்பில் இரண்டாவது மதிப்பெண் அவளுக்கு! நாங்கள் கை தட்டினோம். ஆனால் அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது வேறு. "ஒரு மணி நேரம் எனக்கும் குடுத்தா நானும் வாங்குவேன்" என்றாள் ஒருத்தி. "கையெழுத்துக்கு அவளுக்கு மார்க் குறையாதே" என்றாள் இன்னொருத்தி. ஒருத்தியின் அம்மா பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேவிட்டார்கள். அவள் எங்களுக்குக் கீழே இருந்தவரை எங்கள் இரக்கத்துக்குக் குறைவில்லை. அவள் எங்களைத் தாண்டிய அன்றுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது.

எங்கள் முணுமுணுப்பு டீச்சர் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அடுத்த வகுப்புத் தேர்வில் எங்கள் எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். முதல் பத்து நிமிடம் விடைகளைத் திரும்பப் பார்த்தோம். அப்புறம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெரியாத விடை ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடவில்லை. அவளோ அந்த நேரம் முழுவதும் வினாக்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. நம் மாநிலப் பொதுத்தேர்வில் இத்தகைய மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவை உண்டு. அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க அவளுடைய அப்பா மூன்று முறை கடையை அடைத்துவிட்டு அலைந்தார். "சலுகை" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை, உரிமை என்று சமூக அறிவியல் டீச்சர் திருத்தினார்கள்.

இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்குகிறது. மொழிப்பாட விலக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிஸ்டர் சொன்னபோது, தமிழுக்கு வேண்டாம் என்றுவிட்டாள். "இவ்வளவு மணலைக் கிளறிட்டு விட்டுருவேனா?" என்று சிரிக்கிறாள். எங்களுக்குச் சற்றுப் பயமாகத்தான் இருக்கிறது.

இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்குமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினோம். வகுப்பு சிரித்த அன்று அவள் அழுதாள் என்று முதலில் எழுதியிருந்தோம். "அன்னைக்கு நான் அழல. சளி பிடிச்சிருந்துச்சு. அடிங்க அதை" என்றாள். அடித்துவிட்டோம். பிறகு தாளை எங்கள் கையிலிருந்து வாங்கி, இரண்டாவது பத்தியைத் தானே வாசித்தாள். நேரமாயிற்று. 'தேன்' வந்தபோது நிறுத்தி, சுழியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மேலே வாசித்தாள்.